போஹாவின் வாந்தியும் என் இருபத்தைந்து நிமிட உரையும்

வாசகப் பெருமக்களே, உங்களைச் சாட்சிக்கு அழைக்கிறேன். தீர்ப்புச் சொல்லும் சிரமம் உங்களுக்கு இல்லை. அதை ஒரு பூனை ஏற்கெனவே சொல்லிவிட்டது, அதுவும் இருபது குடும்பங்களின் முன்னிலையில். நான் சொல்வதைக் கேட்டு, இறுதியில் 'ஆம், இவன் இப்படி வாக்குக் கொடுத்தான், எங்கள் காதால் கேட்டோம்' என்று ஒப்புக்கொண்டால் போதும். சாட்சி இல்லாத வாக்குறுதியை நான் எத்தனை நாள் காப்பாற்றுவேன் என்பதில் என் தங்கைக்கு நெடுங்கால ஐயம் உண்டு.

முதலில் குற்றவாளியை அறிமுகப்படுத்துகிறேன். அப்போது எனக்கு வயது பத்தொன்பது. புனேயில், கட்கியை ஒட்டிய போபோடியில், நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் எங்கள் இரண்டறை வீடு இருந்தது. அப்பா படைக்கலத் தொழிற்சாலையில் ஃபிட்டர். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்து இங்கேயே தங்கிவிட்டவர். ஒரு நாளில் அவர் பேசும் வாக்கியங்களை ஒரே கையின் விரல்களில் எண்ணிவிடலாம். அந்தக் குறையை ஈடுசெய்யவே இறைவன் என்னை அனுப்பினான் என்று நான் உறுதியாக நம்பினேன்.

மேடைப் பேச்சு என் உயிர்மூச்சு. புனேயில் தமிழர்கள் எங்கே விழா எடுத்தாலும், அங்கே நடக்கும் பட்டிமன்றத்தில் ஏதாவதோர் அணியில் நான் அமர்ந்திருப்பேன். என் வயதுப் பிள்ளைகள் தமிழ்ப் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் பேருந்து போய்விடுகிற ஊர் அது. அப்படிப்பட்ட ஊரில், 'அவையோர்க்கு என் தலைதாழ்ந்த வணக்கம்' என்று தொடங்கிப் பத்து நிமிடம் தாளைப் பார்க்காமல் முழங்கும் ஒருவன் கிடைத்தால் விடுவார்களா? பொன்னாடை போர்த்தினார்கள். ஒன்று, இரண்டு என்று ஏழு சேர்ந்துவிட்டன. (பொன்னாடை என்பது பெயர்தான். அதில் பொன் இல்லை. ஆடையாக உடுத்தவும் முடியாது. பளபளக்கும் பாலியஸ்டர், இரு முனையிலும் சரிகை நூல் குஞ்சங்கள். தோளில் விழுந்த பத்தாவது நிமிடம் கழுத்து அரிக்கும். ஆனாலும் கழற்ற மனம் வராது, அது வேறு விஷயம்.)

பேச்சாளர் இருக்கும் வீடுகளில் பொன்னாடைக்கு ஒரு வழக்கமான முடிவு உண்டு. தொலைக்காட்சிப் பெட்டிக்கு ஒன்று, மிக்ஸிக்கு ஒன்று, டிரங்குப் பெட்டிக்கு ஒன்று என்று பிரிந்து போய்விடும். அம்மாவும் அந்த எண்ணத்தோடுதான் வந்தாள்.

"ஏழு கீதேடா. ஒண்ணு குடு, டிவி மேல போத்தறேன். தூசு படியுது."

"அம்மா! இவை துணிகள் அல்ல. தமிழன்னை எனக்குச் சூட்டிய மாலைகள்!"

"மாலைன்னா மறுநாள் குப்பைக்குப் போவுணுமே. அதுவும் போவ மாட்டேங்குது."

ஆகவே செயலில் இறங்கினேன். முன்னறையின் நீளத்துக்கு ஒரு நைலான் கயிற்றைக் கட்டி, ஏழு பொன்னாடைகளையும் வரிசையாகத் தொங்கவிட்டேன். விருந்தினர் பாயில் உட்கார்ந்தால் நேரே கண்ணில் பட வேண்டும் என்பதால் கயிறு சற்றுத் தாழ்வாகவே அமைந்தது. குஞ்சங்கள் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், மின்விசிறிக் காற்றில் மெல்ல அசைந்துகொண்டிருந்தன. (இந்த உயரத்தைச் சாட்சிகள் குறித்துக்கொள்ளவும். பத்தொன்பது வயதில் நான் குறித்துக்கொள்ளவில்லை.)

அடுத்து, பூனை. பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் தங்கை மஞ்சு, ஒரு மழை நாளில் சைக்கிள் கூடையில் அதைக் கொண்டுவந்தாள். வெள்ளை உடம்பில் அங்கங்கே மஞ்சள் தெளித்த குட்டி. புனேயில் காலையில் எந்தக் கடைக்குப் போனாலும் கிடைக்கும் அவல் உப்புமாவின் அதே நிறம் என்பதால், அந்தப் பலகாரத்தின் பெயரையே வைத்துவிட்டாள்: போஹா. நான் இதைக் கடுமையாக எதிர்த்து, 'கலையரசி' என்று முறைப்படி பெயர் சூட்டினேன். போஹா என்றால் பூனை ஓடி வந்தது. கலையரசி என்றால் காதைக்கூட அசைக்கவில்லை.

இருந்தும் அந்தப் பூனைக்கும் எனக்கும் ஓர் ஆழ்ந்த உறவு இருந்தது. தினமும் மாலை ஆறு மணிக்கு நான் கயிற்றின் முன் நின்று ஒத்திகை தொடங்குவேன். அப்பா செய்தித்தாளோடு பால்கனிக்குப் போவார். அம்மா, அரைக்க எதுவும் இல்லாவிட்டாலும், மிக்ஸியைப் போடுவாள். மஞ்சு காதில் வாக்மேனை மாட்டிக்கொள்வாள். போஹா மட்டும் வந்து பொன்னாடைகளின் கீழ் அமரும். கண்கள் விரியும். காதுகள் முன்னோக்கித் திரும்பும். நான் குரலை உயர்த்திக் கையை வீசினால் அதன் தலை இடம் வலமாக அசையும். அந்த வீட்டில் என் உரையை முதல் வணக்கம் முதல் இறுதி நன்றிவரை கேட்ட ஒரே உயிர் அதுதான். 'தமிழின் இனிமை அஃறிணையையும் ஆட்கொள்கிறது' என்று என் நாட்குறிப்பில் எழுதிவைத்தேன்.

இந்த நிலையில்தான் புரட்டாசி பிறந்தது. எங்கள் வீட்டில் அந்த மாதம் முழுவதும் மீன், கறி கிடையாது. பூனைக்கும் தயிர்ச்சோறுதான். எனக்கோ அது வாழ்வின் உச்சக்கட்டம். வெற்றியைத் தருவது சொல்லா, செயலா என்ற பட்டிமன்றம் வரும் ஞாயிறு மாலை. சொல்லே என்ற அணிக்கு முதன்முறையாக நான் தலைவன். எட்டாவது பொன்னாடைக்குக் கயிற்றில் இடம்கூட ஒதுக்கிவிட்டேன்.

புதன்கிழமை நண்பகல், போஹா முன்னறையில் நின்று மூன்று அடி பின்னோக்கி நடந்தது. வயிறு ஒட்டி ஒட்டி விரிந்தது. 'ஹக், ஹக், ஹக்' என்று ஓர் ஒலி. பிறகு, என் உரைக்குறிப்பின் நான்காம் பக்கத்தின்மீது மஞ்சள் நுரையாக வாந்தி எடுத்தது. (நான்காம் பக்கம் வலுவில்லாதது என்று அப்பா பின்னால் சொன்னார். அன்றைய ஐந்து வாக்கியங்களில் அது ஒன்று.)

அன்று மாலை மறுபடி ஒருமுறை. மறுநாள் காலை எழுவதற்குள் இரண்டு முறை. வீட்டில் கருத்துகள் எழுந்தன.

"கீழ போய் மீனு துன்னுட்டு வந்திருக்கும். புரட்டாசில துன்னா பெருமாள் சும்மா வுடுவாரா?" என்றாள் அம்மா. ஆனால் சொல்லிவிட்டுத் தானே தலையை ஆட்டி, "ச்சே, அப்டி இருக்காது" என்றாள். ஏன் இருக்காது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

"எலி" என்றார் அப்பா.

"அண்ணா, டாக்டர்கிட்ட காட்லாம். அவ்ளோதான்" என்றாள் மஞ்சு.

மூன்றாவது கருத்து மிக எளிமையாக இருந்ததால் அதை நான் உடனே நிராகரித்தேன். என் பயிற்சி அப்படி. பட்டிமன்றத்தில் வளர்ந்தவனுக்கு எதிரணி இல்லாமல் சிந்திக்கத் தெரியாது. ஒரு தீமை நிகழ்ந்தால் எதிரே யாராவது நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நோய் என்ன என்று நான் கேட்கவே இல்லை. 'யார்?' என்றுதான் கேட்டேன்.

யார் என்பதற்கு விடை தரைத்தளத்தில் இருந்தது. ஷிண்டே காகா. (காகா என்றால் மராத்தியில் சித்தப்பா.) அப்பா வேலை பார்த்த அதே தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், தனியாக வாழ்பவர். அவர் வீட்டுச் சன்னலில் பொம்பில் கருவாடு காய்ந்து நான் பலமுறை பார்த்திருக்கிறேன். என்னைப் படியில் கண்டால், "என்ன நேதா, இன்றைக்கு எங்கே கூட்டம்?" என்பார். அரசியல் தலைவர் என்று பொருள். நீண்ட காலம் அதைப் பாராட்டாகவே ஏற்று வந்தேன்.

இரண்டு நாள் நோட்டுப் புத்தகத்தோடு பூனையைப் பின்தொடர்ந்தேன். அந்தக் குறிப்பு இன்றும் என்னிடம் இருக்கிறது. 'பதினொன்று பத்து: பூனை கீழே இறங்கியது. பதினொன்று பதினைந்து: தரைத்தள வீட்டில் நுழைந்தது. பதினொன்று நாற்பது: வெளியே வந்தது, உதட்டை நக்கியது. பன்னிரண்டு ஐந்து: வாந்தி.' மறுக்க முடியாத சான்று! ஒரே ஒரு சிறு குறை. மாலை ஆறு முதல் ஏழு வரை இரண்டு நாளும் எந்தக் குறிப்பும் இல்லை. அந்த நேரத்தில் புலனாய்வாளர் உரையாற்றிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை போஹா தயிர்ச்சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. தண்ணீர் குடித்தது, அதுவும் வெளியே வந்தது. மஞ்சு அதை மடியில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் சிவந்திருந்தது.

"அண்ணா, ப்ளீஸ். இதுக்கு எலும்பு தெரியுது பாரு. இன்னிக்கே போலாம்."

நான் இடது கையை இடுப்பில் ஊன்றி, வலது கையை உயர்த்தினேன். (தனி மனிதரிடம் பேசும்போதும் எனக்கு அந்தக் கை உயரும்.) "மஞ்சு, மருந்து உடலைக் காக்கும்; நீதியே உயிரைக் காக்கும். நாளைக் காலை நம் கட்டடத்துச் சொசைட்டிக் கூட்டம். முதலில் நீதி. பிறகு மருந்து."

இந்த வாக்கியத்தை இத்தனை ஆண்டுகளில் நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அமைப்பு நன்றாகத்தான் இருக்கிறது. அதைச் சொன்ன வாயைத்தான் தைத்திருக்க வேண்டும்.

ஞாயிறு காலை பத்து மணி. கட்டடத்தின் கீழே, ஸ்கூட்டர்களை ஓரம் தள்ளிவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். செயலாளர் குல்கர்ணி சாகேப் நோட்டுப் புத்தகத்தோடு அமர்ந்திருந்தார். முதற்பொருள், தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவது. இரண்டாம் பொருள், யாருடைய ஸ்கூட்டர் எங்கே நிற்பது. மூன்றாவது, இதர விஷயங்கள். நான் கை உயர்த்தி இரண்டு நிமிடம் கேட்டேன். அவர் தந்தார். மனிதர் அதற்குப் பிறகு யாருக்கும் அப்படித் தந்ததில்லை.

மேடை இல்லாததால் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியின் சிமென்ட் மூடிமேல் ஏறினேன். எதிரே ஒரு நாற்காலியில் காய்கறிக் கூடை. கூடைக்குள் போஹா. போஹாவுக்கு அடியில் விரிப்பாக, வழக்கின் முக்கியச் சான்றுக்கு உரிய மரியாதையாக, என் ஏழாவது பொன்னாடை.

இந்தியில் பேசினேன். ஆனால் அது இந்திச் சொற்களால் கட்டப்பட்ட தமிழ் மேடைப் பேச்சு. அடுக்கடுக்கான வினாக்கள், ஏற்ற இறக்கங்கள், சரியான இடத்தில் நீண்ட மௌனம். தொட்டியைக் கழுவும் செலவைப் பற்றிக் கேட்க வந்த மூன்றாம் மாடி அம்மணி, கைப்பையை மூடி மடியில் வைத்துக்கொண்டார். வாயில்லா உயிரின் வேதனையிலிருந்து தொடங்கி, அண்டை வீட்டாரின் கடமை வழியாகச் சென்று, உலக அமைதியைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். இருபத்தைந்தாவது நிமிடத்தில் குரலைத் தாழ்த்தினேன்.

"அந்தப் பூனைக்கு நஞ்சாகிப்போன உணவை ஊட்டிய கை எது? அந்தக் கை இந்தக் கட்டடத்தில் இருக்கிறது! தரைத்தளத்தில் இருக்கிறது! அந்தக் கையில் இந்த நிமிடமும் கருவாட்டு வாடை அடிக்கிறது!"

என் சுட்டுவிரல் ஷிண்டே காகாவை நோக்கி நீண்டு நின்றது. எல்லாத் தலைகளும் திரும்பின. காகா மெல்ல எழுந்தார். தன் வலது கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு பக்கத்து நாற்காலிக்காரரிடம் நீட்டினார்.

"சோப்பு வாடைதான் வருது. நீங்களும் பாருங்க."

அவர் பேசியது மராத்தி கலந்த இந்தி. அதன் சாரத்தை இங்கே தமிழில் தருகிறேன். முதலில் சிரித்துக்கொண்டே பேசியவரின் குரல், போகப் போக மங்கியது.

"பேட்டா, இது உங்களுக்கு விரத மாசம்னு மாசப் பிறப்பன்னைக்கே உன் அம்மா வந்து சொன்னாங்க. பூனைக்கு மீன் போடாதீங்கன்னாங்க. அன்னைக்கே பொம்பில் எல்லாத்தையும் டப்பாவுல போட்டு மூடிட்டேன். நானும் சாப்பிடறதில்லை. அது வந்து உட்கார்ந்து பார்க்கும்போது நான் மட்டும் எப்படிச் சாப்பிட? தினம் அரைச் சப்பாத்தியை ஊறவெச்சுக் குடுப்பேன். மூணு நாளா அதையும் தொடலை, நக்கிப் பார்த்துட்டுப் போயிடுது. என்ன உடம்புன்னு உன்கிட்ட கேட்கணும்னு படியில நின்னேன். நீ நோட்டுப் புத்தகத்தோட ஓடிட்டே."

பின்வரிசையிலிருந்து அம்மாவின் குரல் தமிழில் வந்தது. "ஆமாண்டா. நான்தான் போய்ச் சொன்னேன்."

"இதை ஏன் என்னிடம் முன்பே சொல்லவில்லை?"

"நீ எங்கடா பேச வுட்ட?"

மறுப்புரைக்காக நான் மூச்சை இழுத்தேன். அந்த இடைவெளியில்தான் போஹா எழுந்து நின்றது. ஹக், ஹக், ஹக். இருபது குடும்பங்களும் பார்த்திருக்க, கூடையின் விளிம்பில் வாயை வைத்து வெள்ளை நுரையாக வாந்தி எடுத்தது. நுரையின் நடுவே காலை வெயிலில் ஏதோ மின்னியது.

காகா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ஒரு தீக்குச்சியால் அதைத் தூக்கினார். விரல் நீளத்தில் ஒரு தங்கநிற நூல்.

"ஜரி" என்றார் குல்கர்ணி சாகேப்.

சரிகை என்ற அந்தச் சொல் நாற்காலி நாற்காலியாகப் பின்வரிசைவரை போனது. காகா நூலைப் பார்த்தார். பிறகு கூடையில் கிடந்த பொன்னாடையைப் பார்த்தார். அதன் ஓரக் குஞ்சங்களில் நான்கைக் காணவில்லை. ஐந்தாவது, பாதி மென்ற நிலையில் இருந்தது.

"இது யாரோடது?" என்று மூன்றாம் மாடி அம்மணி கேட்டார்.

"அண்ணாவோடது" என்றாள் மஞ்சு. இரண்டாம் மாடியைக் காட்டி, "மேல இன்னும் ஆறு இருக்கு" என்றாள்.

அன்று எழுந்த கரவொலியைப்போல ஒன்றை எந்த மன்றத்திலும் நான் பெற்றதில்லை. சிலர் சிரித்துக்கொண்டே எழுந்து நின்று தட்டினார்கள். தொட்டி மூடியின்மேல் நின்றுகொண்டிருந்த எனக்குள் மட்டும் ஒவ்வொன்றாக விளக்குகள் எரிந்தன. விரிந்த கண்கள். முன்னோக்கித் திரும்பிய காதுகள். இடம் வலமாக அசைந்த தலை. நான் கையை வீசும்போதெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் குஞ்சங்கள் ஆடியிருக்கின்றன. அது என்னைப் பார்க்கவே இல்லை. ஒரு நாளும் பார்த்ததில்லை.

சிரிக்காதவர்கள் மூவர். மஞ்சு, அப்பா, காகா. காகா பூனையின் முகவாயைத் தடவிப் பார்த்தார். அது வெறுமனே விழுங்கிக்கொண்டே இருந்தது. "இன்னும் உள்ளே இருக்கு. பேட்டா, கூடையை எடு" என்று மஞ்சுவிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார். பின்னால் ஒருவருக்குத்தான் இடம். குற்றம் சாட்டப்பட்டவர் ஓட்ட, மஞ்சு கூடையோடு அமர, வழக்குத் தொடுத்தவன் சைக்கிளில் பின்னால் மிதித்தான். கட்கிக் கடைவீதி வருவதற்குள் எனக்குப் பேச மூச்சு இல்லை. இயற்கை தன் கடமையைச் செய்தது.

கால்நடை மருத்துவர் ஒரு பெண்மணி. ஞாயிறன்று மதியம்வரைதான் திறந்திருக்கும் சிறிய மருத்துவமனை. அவர் போஹாவின் வாயைத் திறந்து, நாக்கை விரலால் தூக்கி, சிறு விளக்கை அடித்தார். எங்களை அருகே அழைத்துக் காட்டினார். நாக்கின் அடியில், வேரைச் சுற்றி, ஒரு பொன்னிற நூல் இறுகிக் கிடந்தது. ஒரு முனை அங்கே. மறு முனை தொண்டை வழியாக வயிற்றுக்குள்.

"வீட்டில் தையல் வேலை செய்கிறீர்களா?" என்று இந்தியில் கேட்டார்.

"இல்லை."

"கல்யாணம் ஏதாவது நடந்ததா? சரிகை எங்கிருந்து வந்தது?"

நான் தொண்டையைச் செருமினேன். "அது... எனக்குக் கிடைத்த கௌரவம்."

மருத்துவர் விளங்காமல் மஞ்சுவைப் பார்த்தார். "டாக்டர், பூனை அண்ணாவோட கௌரவத்தைத் தின்னுடுச்சு" என்றாள் அவள், முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லாமல்.

மருத்துவர் நாக்கடியில் நூலைக் கத்தரித்துவிட்டார். ஊசி போட்டார். உள்ளே இருக்கும் மிச்சம் தானாக வெளியேற வேண்டும். எந்தப் பக்கம் தெரிந்தாலும் இழுக்கக் கூடாது, இழுத்தால் குடல் அறுந்துவிடும். இரண்டு நாள் பார்ப்போம், வராவிட்டால் வயிற்றைத் திறக்க வேண்டும், இவ்வளவு இளைத்த உடம்பு அதைத் தாங்குமா என்று சொல்ல முடியாது என்றார். கையைக் கழுவிக்கொண்டே, "நேற்றே கொண்டுவந்திருக்க வேண்டும்" என்றும் சொன்னார்.

மஞ்சு என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

அன்று மாலை பட்டிமன்றத்துக்கு நான் போகவில்லை. எஸ்.டி.டி. கடையிலிருந்து அமைப்பாளரை அழைத்து, "பூனைக்கு உடம்பு சரியில்லை" என்றேன். அவர் 'யாருக்கு?' என்று இரண்டு முறை கேட்டார். (எங்கள் அணி வென்றது என்று மறுநாள் தெரிந்தது. என் இடத்தில் பேசியவர் நான்கே நிமிடம் பேசினாராம்.)

நான் முன்னறையில் மணல் தட்டின் அருகே அமர்ந்தேன். அம்மா மாவுச் சல்லடையைத் தர மறுத்து, ஓட்டை விழுந்த பழைய சல்லடையைத் தந்தாள். போஹா மணலுக்குப் போய்வந்த ஒவ்வொரு முறையும் நான் சலித்தேன். சொல்லே வெற்றி தரும் என்று பேச வேண்டியவன், மணலுக்குள் செயலின் வெற்றியைத் தேடிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை முழுவதும் ஒன்றும் இல்லை. பூனை என் சட்டைமேல் தலையை வைத்துப் படுத்திருந்தது. வீட்டில் யாரும் மிக்ஸி போடவில்லை, வாக்மேனை மாட்டவில்லை. மாலை ஆறு மணி வந்தது, போனது. அப்பா செய்தித்தாளோடு எழுந்து பால்கனி வாசல்வரை போய், பழக்க தோஷம் புரிந்து திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"வூடு இவ்ளோ அமைதியா கீது. பயமா கீதுடா" என்றாள் அம்மா. "எதுனா பேசேன்."

"என்ன பேச?"

பத்தொன்பது ஆண்டுகளில் அந்தக் கேள்வியை நான் கேட்டது அதுவே முதல் முறை. அம்மா என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய்க் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். நானே கயிற்றை அவிழ்த்தேன். நானே ஏழு பொன்னாடைகளின் குஞ்சங்களையும் ஒன்றுவிடாமல் வெட்டினேன். தமிழன்னை மன்னிப்பாள், அவளும் பூனை வளர்த்திருக்கக் கூடும்.

செவ்வாய் காலை மஞ்சுவின் குரல் கட்டடத்தையே எழுப்பியது. "அண்ணா! ஆகயா! வந்துடுச்சு!"

வந்திருந்தது. ஒரு சாண் நீளம், சற்றே நிறம் மங்கி. அரை மணி நேரத்தில் போஹா தயிர்ச்சோற்றை உண்டது. மேலும் கேட்டது. மஞ்சு தரையில் உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள், பிறகு எழுந்து என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அந்த அடியோடு என்னிடம் மீண்டும் பேசத் தொடங்கினாள்.

நூலைக் கழுவி ஒரு தாளில் மடித்து, மன்னிப்புக் கேட்கத் தரைத்தளத்துக்குப் போனேன். காகா சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தார். தாளைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"எனக்கு எதுக்கு? உன் கௌரவம், நீயே வெச்சுக்கோ."

மன்னிப்பு என்று நான் தொடங்கியதும் மாவுக் கையை உயர்த்தித் தடுத்தார். "என்னைத் திட்டினது இருபது வீட்டுக்காரங்க நடுவுல. மன்னிப்பு மட்டும் கதவைச் சாத்திக்கிட்டா? அந்தக் கூட்டம் முடிஞ்சு ரெண்டு வீட்டுல எங்கிட்ட கேட்டாங்க, 'நிஜமா ஒண்ணும் போடலியா'ன்னு. எந்த மூடி மேல ஏறிப் பேசினியோ, அதே மூடி மேல ஏறிச் சொல்லு, நேதா."

அந்த 'நேதா' பாராட்டு இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் கண்கள் சிரிக்கவில்லை.

அடுத்த மாதக் கூட்டம் வரை காத்திருந்தேன். அதற்குள் புரட்டாசி முடிந்து, பொம்பில் மீண்டும் சன்னலுக்கு வந்தது. போஹா பதினொன்று பத்துக்குத் தவறாமல் இறங்கிப் போனது. பொன்னாடைகள் ஏழும் குஞ்சம் இழந்து உரிய இடங்களை அடைந்தன. டிவிக்கு இரண்டு, மிக்ஸிக்கு ஒன்று, டிரங்குக்கு மூன்று. ஒன்று, கிழிந்துகிடந்த காகாவின் ஸ்கூட்டர் இருக்கைக்கு உறையானது. அதை அம்மா தானே தைத்துக் கொடுத்தாள். 'நான்காவது பொன்னாடை' கட்கிக் கடைவீதியில் பல ஆண்டுகள் உலா வந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். குல்கர்ணி சாகேப்பின் நோட்டுப் புத்தகத்தில் சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு இப்படி முடிந்திருந்தது: 'பொருள் மூன்று, பூனை. நூல்தான் காரணம் என்று பூனையே காட்டியது.'

இன்றும் எங்கள் வீட்டில் சாவி காணாமல் போய், நான் யாரையாவது பார்த்துக் குரலை உயர்த்தினால், மஞ்சு கேட்பாள்: "வாயைத் திறந்து பார்த்தியா?" இப்போது அவளுடைய மகளும் கேட்கிறாள். அப்பா தம் ஐந்து வாக்கியங்களில் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவைத்திருக்கிறார். அந்தக் கேள்வி பிறந்தது நான் காத்திருந்த அந்த அடுத்த மாதக் கூட்டத்தில்தான்.

இதர விஷயங்கள் என்று செயலாளர் படித்ததும், நான் எழுந்தேன். நாற்காலிகளில் ஒரு சலசலப்பு, இருவர் கடிகாரத்தைப் பார்த்தார்கள், ஒருவர் எழுந்தேவிட்டார். தொட்டி மூடியின்மேல் ஏறினேன். இரவெல்லாம் எழுதிய உரை பன்னிரண்டு பக்கம், சட்டைப்பையில் இருந்தது. எதிரே முதல் வரிசையில் ஷிண்டே காகா, அவர் மடியில் போஹா. குஞ்சம் எதுவும் ஆடவில்லை. ஆனாலும் அது என்னை நிமிர்ந்து பார்த்தது. தாளை எடுக்காமல், கையை உயர்த்தாமல், இருபது குடும்பங்களும் கேட்கும்படி சொன்னேன்:

"காகா, நீங்கள் தவறு எதுவும் செய்யவில்லை; செய்தவன் நான். இனி யாரை நோக்கி விரலை நீட்டுவதானாலும், அதற்கு முன் என் வீட்டுப் பூனையின் வாயைத் திறந்து பார்ப்பேன்."